கேட்கட்டும் என்று நின்றவள்

எங்கள் ஹேசல் லிக் ஊரில் ட்ரீமா மல்லின்ஸைத் தெரியாதவர்கள் கிடையாது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். இன்றைக்குத் தாடி வைத்துக்கொண்டு திரிகிற பாதிப் பேர் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வளர்ந்தவர்கள்தான். பனி கொட்டினாலும் சரி, ஓடை பொங்கிப் பாலத்தைத் தொட்டாலும் சரி, அவள் பஸ் வந்துவிடும். கணவன் ஹோபர்ட் நிலக்கரித் தூசியில் நுரையீரல் கெட்டுச் செத்தபோதுகூட, அடக்கம் முடிந்த மறுநாளே வண்டியை எடுத்துவிட்டாள். கல்நெஞ்சுக்காரி என்று அப்போதே சிலர் சொன்னார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது? வீட்டில் ஒரு பையன் இருந்தான். அவன் வயிற்றை யார் பார்ப்பது?

அந்தப் பையன்தான் ஜாரட். அவனும் அப்பன் வழியில் சுரங்கத்துக்குப் போனான். மேலே இருந்த பாறை சரிந்து முதுகில் விழுந்தது. டாக்டர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார், டெல்மஸ் கேன்ட்ரெலின் மருந்துக் கடையில் வாங்கித் தின்றான். எங்கள் ஊரில் இருப்பது அந்த ஒரு மருந்துக் கடைதான். அந்த நாட்களில் டெல்மஸ் கடை வாசலைப் பார்க்க வேண்டுமே! வேற்று மாநிலத்துக் கார்கள் சபைக் கட்டடம் வரைக்கும் வரிசை கட்டி நிற்கும். சீட்டை நீட்டினால் போதும், டெல்மஸ் எண்ணிப் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். யாருக்கு, எதற்கு என்று ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்டது கிடையாது. அப்புறம் மேலிடம் விழித்துக்கொண்டு மாத்திரையை நிறுத்தியது. மாத்திரை நின்றது, உடம்பு கேட்பது நிற்கவில்லை. ஊர்ப் பிள்ளைகள் போதை ஊசிக்குப் போனார்கள், ஜாரட்டும் போனான். டெல்மஸ் சபையை நடத்துகிற டீக்கன்களில் ஒருவர் ஆனார்.

பிப்ரவரியில் ஒரு நாள் ட்ரீமா பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது ஜாரட் குளியலறைத் தரையில் கிடந்தான். உதடு நீலம். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வைத்தியம் உண்டு, கால்சட்டைக்குள் ஐஸ்கட்டியைக் கொட்டுவார்கள். யார் கண்டுபிடித்த வைத்தியமோ, அவன் தலையில் இடி விழ. ட்ரீமாவும் அதைத்தான் செய்தாள். ஐஸால் ஒன்றும் ஆகவில்லை. ஆம்புலன்ஸ் அன்றைக்குத் தற்செயலாகப் பக்கத்து மேட்டிலேயே நின்றிருந்ததால் பிழைத்தான். மூக்கில் எதையோ பீய்ச்சினார்கள், பையன் எழுந்து உட்கார்ந்து எல்லோரையும் கெட்ட வார்த்தையில் திட்டினான். அன்று முதல் ட்ரீமாவுக்கு ஒரே நினைப்பு. அடுத்த தடவை ஆம்புலன்ஸ் பக்கத்தில் இருக்காது. அந்த மருந்து தன் கையில் இருக்க வேண்டும். அவன் திருந்துகிறானோ இல்லையோ, மூச்சு விட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த மூக்கு மருந்தை அதுவரை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. வசந்தத்தில் சட்டம் மாறியது. இனி மருந்துக் கடைக்காரரே கொடுக்கலாம், வீட்டு ஆட்கள் வந்து கேட்டாலும் கொடுக்கலாம் என்று பஸ் ரேடியோவில் சொன்னார்கள். ட்ரீமா பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு டெல்மஸ் கடைக்குப் போனாள். அவளுக்குப் பின்னால் வரிசையில் சபை ஆட்களே நின்றிருந்தார்கள். அவள் கவுண்டர் மேல் குனிந்து, மெதுவாகத்தான் கேட்டாள்.

"யாருக்கு?" என்றார் டெல்மஸ். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனால் செவிடனுக்குச் சொல்கிற குரலில் கேட்டார்.

"வீட்டுல வைக்கத்தான், பிரதர்."

"வீட்டுல வைக்கிறதுக்கு இது என்ன தலைவலித் தைலமாம்மா? யாருக்குன்னு நீ சொல்லணும். சட்டம் அப்படி."

சட்டம் அப்படியெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. அது ட்ரீமாவுக்கு எப்படித் தெரியும்? ஜாரட்டுக்கு என்றாள். ஜாரட்டுக்கு என்ன என்று கேட்டார். பின்னால் யாரோ இருமுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

"ஊசி போட்டுக்கிறான்," என்றாள் ட்ரீமா.

டெல்மஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "இந்த மருந்தைக் கொடுக்கிறதுக்கு நாங்க ஒரு பாடம் படிச்சு முடிக்கணும், ட்ரீமா. நான் இன்னும் உட்காரல. கடையில சரக்கும் இல்ல. தப்பா எடுத்துக்காதே, ஒண்ணு சொல்றேன். பின்னால பிடிச்சுக்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சா உன் பையன் ரெண்டு ஊசி கூடத்தான் போடுவான்."

இல்லை என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி எல்லோர் முன்னாலும் சொல்ல வைத்துவிட்டு அப்புறம் இல்லை என்றார். புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் ஜாரட் பெயரைச் சொல்லியே ஜெபித்தார்கள். அந்த வாரமே ஒரு தாய் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, அந்தப் பொம்பளை ஓட்டுகிற வண்டியில் எங்கள் பிள்ளையை ஏற்றலாமா என்று கேட்டாள். ட்ரீமா அந்தப் பிள்ளையை ஏற்றிக்கொண்டுதான் போனாள், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் டெல்மஸ் பெயரைக் கேட்டாலே அவளுக்கு வயிறு எரிந்தது. ராத்திரிப் படுக்கையில் அவரை மனசுக்குள் நிற்க வைத்துக் கேட்காத கேள்வியெல்லாம் கேட்பாள்.

ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமை, யார் முகமும் தெரியாத ஊரில் வாங்கிக்கொள்வோம் என்று மலையைத் தாண்டி அடுத்த மாவட்டத்துக்குப் போனாள். அங்கே கடையில் இருந்தது ஒரு சின்னப் பெண். ட்ரீமா மகனுக்கு என்று ஆரம்பித்ததுமே, யாருக்கா இருந்தா என்னங்கம்மா என்று சொல்லிவிட்டு ஒரு பெட்டியை எடுத்து வைத்தாள். உள்ளே இரண்டு குப்பி. மூக்கில் வைத்து அமுக்க வேண்டும், எழுந்திருக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. கண்ணின் பாப்பா குண்டூசி முனை மாதிரி சுருங்கியிருக்கும், உதடு நீலமாகும், தூக்கத்தில் குறட்டை விடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும், அதைக் கேட்டுவிட்டுத் தூங்குகிறார் என்று விட்டுவிடக் கூடாது, அப்படி விட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் போகிறார்கள் என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். ட்ரீமா காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். மரியாதையாகப் பேசினால்கூட அழுகை வருகிற நிலைமைக்கு வந்திருந்தாள்.

பெட்டியை வீட்டில் வைக்க முடியாது, ஜாரட்டின் சகவாசங்கள் கிளப்பிக்கொண்டு போய்விடும். அவனும் வீட்டில்தான் விழுவான் என்று எழுதியா வைத்திருக்கிறது? ஆகவே அது எப்போதும் அவள் கைப்பையில் இருந்தது. பஸ்ஸிலும் இருந்தது, சபையிலும் இருந்தது.

ஆகஸ்டில் எங்கள் சபையில் ஊர்கூடும் ஞாயிறு வரும். பிழைப்புக்காக ஒஹாயோவுக்கும் கரோலினாவுக்கும் போனவர்களெல்லாம் அன்றைக்குத் திரும்பி வருவார்கள். ஆராதனை முடிந்ததும் மரத்தடியில் நீள மேஜை போட்டுச் சாப்பாடு. பொரித்த கோழி, பீன்ஸ், சோள ரொட்டி, வாழைப்பழப் புட்டிங். ட்ரீமா ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. அந்தக் கூட்டத்தில் அவளைத் தேடி வந்தவள் ஒருத்திதான். அது வேறு யாரும் இல்லை, டெல்மஸின் பெண்சாதி வில்டா.

வில்டா தங்கமான மனுஷி. ஜாரட்டுக்கு சண்டே ஸ்கூலில் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவள். முதுகில் ஆபரேஷன் செய்த பிறகு வலி அடங்காமல் டாக்டர் அவளுக்கு ஒரு வலிப் பட்டை எழுதிக் கொடுத்திருந்தார், பிளாஸ்திரி மாதிரி தோலில் ஒட்டிக்கொள்வது. டெல்மஸே ஒட்டிவிடுவார். எங்கள் பிள்ளைகள் தேடித் திரிகிற அதே சரக்குதான் அதிலும் இருக்கிறது. டெல்மஸ் வீட்டில் இருந்தால் அதற்கு மருந்து என்று பெயர். வில்டா ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து ட்ரீமாவின் தட்டில் புட்டிங் அள்ளிப் போட்டாள். ஜாரட் எப்படி இருக்கான், வரச் சொல்லு, நான் கேட்டேன்னு சொல்லு என்றாள். இந்த மனுஷன் பேசறதையெல்லாம் மனசுல வெச்சுக்காதே என்றும் சொன்னாள். பிறகு மேப்பிள் மரத்தடியில் போட்டிருந்த சாய்வு நாற்காலியில் போய்ச் சாய்ந்துகொண்டாள்.

சாப்பாடு முடிந்து பாட்டு ஆரம்பிக்கும் நேரம், அந்த நாற்காலியிலிருந்து குறட்டை கேட்டது. பெரிய குறட்டை. மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். முப்பது வருஷமா இதைக் கேட்டுக்கிட்டுத்தான் தூங்கறேன், என் பொறுமைக்கே பரலோகத்துல தனி அறை இருக்கு என்றார் டெல்மஸ். இன்னும் சிரித்தார்கள். ட்ரீமா மட்டும் சிரிக்கவில்லை. தட்டை வைத்துவிட்டு எழுந்து, பையை மாட்டிக்கொண்டு நாற்காலிப் பக்கம் போனாள். வில்டாவின் உதடு நிறம் மாறியிருந்தது.

பிரதர், இது தூக்கம் இல்லை என்றாள். டெல்மஸ் சிரித்துக்கொண்டேதான் வந்தார். தோளைப் பிடித்து உலுக்கினார். அசைவில்லை. கண் இமையைத் தூக்கிப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. வில்டாவின் சட்டைக் காலரைப் பின்னால் இழுத்துப் பார்த்தார். முதுகில் இரண்டு பட்டை ஒட்டியிருந்தது. ஒன்று அவர் ஒட்டியது. இன்னொன்றை, நாள் முழுக்க மர பெஞ்சில் உட்கார வேண்டுமே என்று வில்டாவே ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். ட்ரீமா பார்த்துக்கொண்டே நின்றாள். டெல்மஸ் மேலே இருந்த பட்டையைக் கட்டைவிரலால் உரித்துக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு காலரை இழுத்து மூடினார்.

"வெயில்தான்," என்றார் கூட்டத்தைப் பார்த்து. "வெயில் தாக்கிருச்சு. தண்ணி கொண்டாங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க, மயக்கம்னு சொல்லுங்க."

ஊரில் அவரைவிட மருந்து தெரிந்தவர் யார்? வெயில் என்றார், எல்லோரும் வெயில் என்று நம்பினார்கள். ஈரத் துணி வந்தது, ஐஸ் போட்ட டீ வந்தது. வில்டாவைப் புல்லில் படுக்க வைத்து நெற்றியைத் துடைத்தார்கள். ஒருத்தி விசிறினாள். குறட்டைக்கும் குறட்டைக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனது.

ட்ரீமா இரண்டடி தள்ளி நின்றாள். பை தோளில், கை பையின் ஜிப்பில். அவள் நினைத்தது இதுதான்: கேட்கட்டும். ஒரே ஒரு தடவை, இத்தனை பேர் முன்னால், யாரிடமாவது அந்த மூக்கு மருந்து இருக்கா, என் பெண்டாட்டிக்கு வேணும் என்று வாயைத் திறந்து கேட்கட்டும். கேட்ட மறு விநாடி எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். மகனுக்கு வைத்திருப்பதாச்சே என்ற நினைப்பும் அவளுக்கு வந்தது, வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவளைக் கட்டிப் போட்டது அந்த நினைப்பு இல்லை, டெல்மஸின் மேல் இருந்த ஆத்திரம். டெல்மஸ் ஒரு தடவை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். தான் உரித்ததை இவள் பார்த்துவிட்டாள் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தார். இன்னும் கொஞ்சம் ஐஸ் கொண்டாங்க என்றார்.

அடப்பாவி மனுஷா! அடிப் பாவி மகளே! இரண்டு பேரில் யாரை முதலில் திட்டுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வில்டா இவர்களுக்கு என்ன கெடுதல் செய்தாள்?

போதகர் ஆர்வெல் பிரதர் ஜெபம் செய்வோம் என்றார். எல்லோரும் கையைக் கோத்துக்கொண்டு கண்ணை மூடினார்கள். ட்ரீமாவும் ஜிப்பிலிருந்து கையை எடுத்துப் பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெபம் நீளமாக இருந்தது. ஆமென் சொன்னபோது குறட்டைச் சத்தம் இல்லை. டெல்மஸ் மார்பை அமுக்கினார், வாயில் வாய் வைத்து ஊதினார், வில்டா வில்டா என்று கத்தினார். மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் ஆட்கள் வண்டிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்னவெல்லாமோ செய்து பார்த்தார்கள். இதயம் நின்றுவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். யாருக்குத்தான் கடைசியில் இதயம் நிற்காமல் இருக்கிறது?

எங்கள் ஊரில் ஊசியில் போன பிள்ளைகளின் வீட்டுக்கு யாரும் சாப்பாடு எடுத்துப் போவதில்லை. வில்டாவின் வீட்டில் வைக்க இடமில்லாமல் சாப்பாடு குவிந்தது. பாத்திரத்தின் அடியில் பெயர் எழுதி ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுப்போம், துக்கம் முடிந்ததும் வீட்டுக்காரர்கள் திருப்பிக் கொண்டுவருவார்கள். ட்ரீமாவும் கோழிக் கொழுக்கட்டைக் குழம்பு செய்து எடுத்துப் போனாள். கல்நெஞ்சுக்காரி என்று சொன்னவர்கள் சொன்னது சரிதானோ என்று பிற்பாடு இதை நினைத்தபோது எனக்கும் தோன்றியது.

அதற்கடுத்த வாரம் வியாழக்கிழமை ஜாரட் கொல்லைப்புறத்தில் தன் வண்டிக்குள்ளேயே விழுந்தான். ட்ரீமா கதவைப் பிடுங்கித் திறந்து மூக்கில் ஒன்றை அமுக்கினாள். அசையவில்லை. இன்னொன்றையும் அமுக்கினாள். அப்புறம்தான் இருமிக்கொண்டு கண்ணைத் திறந்தான். ஒரு குப்பி போதவில்லை, இரண்டும் வேண்டியிருந்தது. அது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நான் செய்தது சரிதான், அங்கே கொடுத்திருந்தால் இவன் போயிருப்பான் என்று இரண்டு நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடமாடினாள். வீட்டில் பாட்டுக்கூட முணுமுணுத்தாள். அங்கே கொடுத்திருந்தாலும் நடுவில் ஒரு சனி, ஞாயிறு இருந்ததே, மலையைத் தாண்டிப் போய் இன்னொரு பெட்டி வாங்கியிருக்கலாமே என்பதை அவள் நினைக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெல்மஸ் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். சமையலறை மேஜையில் பாத்திரத்தை வைத்தவர் கண்ணில், ஜன்னலோரம் கிடந்த இரண்டு காலிக் குப்பி பட்டது. தொழில் தெரிந்தவர், எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

"எங்க வாங்குனே?"

"மலைக்கு அந்தப் பக்கம்."

"எப்போ?"

பொய் சொல்லியிருக்கலாம். போன வாரம் என்று சொன்னால் முடிந்தது. ட்ரீமாவுக்கு அந்த நேரத்தில் பொய் வரவில்லை. அல்லது, அவர் தெரிந்துகொண்டு துடிக்கட்டும் என்று இருந்தாளோ என்னவோ.

"ஈஸ்டர் முடிஞ்ச கையோட."

டெல்மஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அப்போ அன்னிக்கு மரத்தடியில..."

"பையில இருந்துச்சு, பிரதர்."

"என் வில்டா உனக்கு என்ன பண்ணா?"

"ஒண்ணும் பண்ணல. நல்லவங்க. நீங்க கேட்பீங்கன்னு நின்னேன். நீங்க வெயில்னு சொன்னீங்க."

ஊரைக் கூட்டிச் சொல்லிவிடுவேன் என்றார் டெல்மஸ், குரல் எழும்பாமல். சொல்லுங்க, உங்க கால்சட்டைப் பையில என்ன போச்சுன்னு நானும் சொல்றேன் என்றாள் ட்ரீமா. டெல்மஸ் எழுந்து போய்விட்டார். பாடத்தை இனிப் படித்து முடித்து மருந்தைக் கடையில் வாங்கி வைத்தால், இவருக்கு ஏன் திடீரென்று ஞானம் வந்தது என்று ஊர் கேட்கும். அதனால் அவர் வைக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் எங்கள் ஊரில் எத்தனை பிள்ளைகள் போனார்கள் என்று நான் எண்ணப் போவதில்லை.

ட்ரீமா பாத்திரத்தைக் கழுவத் திரும்பினாள். நடையில் ஜாரட் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ தெரியாது. உனக்காகத்தான் வைத்திருந்தேன் என்றாள்.

"தெரியும்மா," என்றான் ஜாரட். குரலில் கோபம்கூட இல்லை. "அடுத்த தடவை நான் விழுந்தா எனக்கு அதைப் போடாதே."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு போனான். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. மறுநாள் காலையில் ட்ரீமா மலையைத் தாண்டிப் போய் இரண்டு பெட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் யாரும் இல்லை, ஜாரட் திரும்பி வரவில்லை. இன்றைக்கும் பஸ் ஓட்டுகிறாள், இரண்டு பெட்டியும் பையிலேயே இருக்கிறது. பெட்ரோல் நிலையத்தில், பாலத்தடியில், யாராவது ஒரு பையன் குனிந்து உட்கார்ந்திருந்தால் பஸ்ஸை மெதுவாக்கி முகத்தைப் பார்க்கிறாள். ஜாரட் இல்லை என்றால் போய்க்கொண்டே இருக்கிறாள்.